எலெக்ட்ரிக் சிதார்: கிட்டாரின் உடலில் சிதாரின் குரல் பிறக்கும் விதம்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகள் வந்து அமரும் குதிரையை, அதாவது பிரிட்ஜை, மட்டும் மாற்றினால் அது எலெக்ட்ரிக் சிதாராகிவிடும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் கருவியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால் வந்துசேரும் முடிவு ஏறக்குறைய அதுதான். கழுத்து கிட்டாருடையது, மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) கிட்டாருடையவை, ஆறு வாசிப்புத் தந்திகளும் அவற்றின் சுருதியும் கிட்டாருடையவை, ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப்பும் கிட்டாருடையதே. சிதாரை நினைவூட்டும் அந்த ரீங்காரம் முழுவதும் குதிரையின் மேற்பரப்பில், சில மில்லிமீட்டர் அகலத்துக்குள், பிறக்கிறது. இந்த ஓரிடத்தைப் புரிந்துகொண்டவருக்குக் கருவியின் வலிமையும் எல்லையும் சேர்ந்தே புரிந்துவிடும். கிட்டார் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களையும், கர்நாடக இசையோ இந்துஸ்தானி இசையோ பழகிவிட்டு இந்தக் கருவியின் பக்கம் திரும்புகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறோம்

1965-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவின் ‘நார்வீஜியன் வுட்’ பாடலில் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசித்தார். அது மின்னிணைப்பு ஏதுமில்லாத, மரத்தாலும் சுரைக்குடுக்கையாலும் ஆன சிதார். அதன்பின் மேற்கத்திய ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்த ஓசைக்கான தேவை பெருகியது. ஆனால் கூலிக்கு வாசிக்கும் கிட்டார் கலைஞர் ஒருவர் சிதாரில் கை வைக்க வேண்டுமானால் உட்காரும் முறை, விரலில் மிஸ்ராப் அணிந்து மீட்டும் முறை, இருபதுக்கு நெருங்கிய தந்திகளைச் சுருதி சேர்க்கும் முறை என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. நியூயார்க்கில் அப்படிப்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு வாசித்துவந்த வின்சென்ட் பெல் என்ற கிட்டார் கலைஞர் இதற்கு ஒரு மாற்று வழியை வடிவமைத்தார். நியூ ஜெர்சியிலிருந்த டான்எலெக்ட்ரோ நிறுவனம் அதை 1967-இல் ‘கோரல்’ என்ற தன் வணிகப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1969-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதால் அசல் கருவிகள் எண்ணிக்கையில் குறைவு. பிற்காலத்தில் பல தயாரிப்பாளர்கள் அதே வடிவத்தைப் பின்பற்றிச் செய்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டியில் எலெக்ட்ரிக் சிதார் என்று நான் குறிப்பிடுவது இந்தக் கோரல் வழிவந்த கருவியைத்தான். கச்சேரிச் சிதாரின் பலகையில் பிக்கப் ஒட்டி ஒலிபெருக்கியுடன் இணைப்பது வேறு வகை. அதைப் பற்றி இறுதியில் சில வரிகள் சொல்கிறேன்.

படிக்கத் தொடங்குவதற்கு முன் இரண்டு பாடல்களைக் கேட்டுவிடுவது நல்லது. லெமன் பைப்பர்ஸ் குழுவின் ‘கிரீன் டாம்பரின்’ பாடலில் வாசித்திருப்பவர் வின்சென்ட் பெல்லேதான். பி. ஜே. தாமஸ் பாடிய 1968-ஆம் ஆண்டின் ‘ஹுக்ட் ஆன் எ ஃபீலிங்’ பாடலின் தொடக்கத்தில் ரெஜி யங் வாசித்த எலெக்ட்ரிக் சிதார் வருகிறது. இவற்றைக் கேட்டபின் ரவி சங்கரின் ஆலாபனை ஒன்றைச் சில நிமிடங்கள் கேட்டால், எது ஒத்துப்போகிறது, எது இல்லை என்பது காதுக்கே தெரிந்துவிடும்: ரீங்காரம் இருக்கிறது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும் நீண்ட மீண்ட் இல்லை.

முதலில் கிட்டார்: தந்தி எங்கே முடிகிறது

கிட்டாரின் குதிரையில் ஒவ்வொரு தந்தியும் ஒரு கூர்மையான விளிம்பின்மீது தங்குகிறது. அதிரும் நீளம் அந்த விளிம்பில் தெளிவாக முடிகிறது. தந்தி மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த முடிவுப் புள்ளி நகர்வதில்லை. ஆகவே மீட்டிய கணத்தில் எந்தெந்த மேற்சுரங்கள் (அடிச்சுரத்தின் முழு மடங்கு அதிர்வெண்களில் கூடவே ஒலிப்பவை) பிறந்தனவோ அவை மட்டுமே ஒலித்து, ஒவ்வொன்றாக மங்கி அடங்குகின்றன. இடையில் புதிதாக எதுவும் சேர்வதில்லை.

இந்த அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். காந்தம் ஒன்றைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி ஆடும்போது புலம் மாறுகிறது. மாறும் புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கோரல் சிதாரில் இருப்பவை ‘லிப்ஸ்டிக்’ பிக்கப்புகள். டான்எலெக்ட்ரோவை நிறுவிய நேதன் டேனியல், உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய்களுக்குள் காந்தத்தையும் சுருளையும் வைத்துச் செலவைக் குறைத்தார். பெயர் அதனால் வந்தது. இவற்றின் ஒலி பளிச்சென்றும் மெல்லியதாகவும் இருக்கும், அது ரீங்காரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஒரு செய்தியை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காந்தப் பிக்கப்புக்கு எஃகு அல்லது நிக்கல் போன்ற காந்தத்தன்மையுள்ள தந்தி மட்டுமே கேட்கும். வீணையிலும் சிதாரிலும் உள்ள பித்தளை, வெண்கலத் தந்திகள் அதற்குக் கேட்பதில்லை. அதனால்தான் அந்தக் கருவிகளுக்கு, மரத்தின் அதிர்வை நேரடியாக உணரும் ஒட்டு மைக்குகளை நாடுகிறோம்.

குதிரை: எல்லாம் நடக்கும் இடம்

சிதாரின் குதிரைக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. மேற்பரப்பு அகலமாகவும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வளைந்தும் இருக்கும். எலும்பு, கொம்பு, கருங்காலி, இக்காலத்தில் செயற்கைப் பொருள் என்று பலவற்றில் செய்கிறார்கள். தந்தி அதன் பின்பகுதியில் அழுத்தமாகப் படிந்து, கழுத்தை நோக்கிய முன்பகுதியில் மிக நுண்ணிய கோணத்தில் விலகி மேலெழுகிறது. தந்தியை மீட்டியதும், கீழ்நோக்கி வரும் ஒவ்வொரு அதிர்விலும் அது அந்தச் சரிவின்மீது கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. மேலே போகும்போது மீண்டும் உரிந்து எழுகிறது. அதாவது, ஒரே அதிர்வுக்குள் தந்தியின் நீளம் சற்றுக் குறைந்து பின் கூடுகிறது. இப்படிப் படிந்து எழும் செயல், அடிச்சுரத்தில் இருக்கும் ஆற்றலைத் தொடர்ந்து மேற்சுரங்களுக்குள் தள்ளுகிறது. மீட்டிய கணத்தில் இல்லாத மேற்சுரங்கள் மீட்டிய பிறகு பிறக்கின்றன. அதிர்வின் வீச்சு குறையக் குறைய எந்த மேற்சுரம் ஓங்கி ஒலிக்கிறது என்பதும் மாறிக்கொண்டே வருவதால்தான், ஒரு சுரம் அடங்குவதற்குள் அதன் நிறம் மேலிருந்து கீழாக இறங்கி வருவதுபோல் நமக்குக் கேட்கிறது. இந்துஸ்தானி இசையில் இதை ஜவாரி என்கிறார்கள். நம் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையில் சிறு நூலைச் செருகி ‘ஜீவா’ பிடிப்பதும் இதே விளைவுக்காகத்தான். நூல் அந்த நுண்ணிய கோணத்தை உண்டாக்கித் தருகிறது.

இதை அறிவியல் நோக்கில் முதலில் கவனப்படுத்தியவர்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக உலகம் அவரை அறிவதற்கு முன்பே, கல்கத்தாவில் இருந்த காலத்தில் அவர் இசைக்கருவிகளை ஆழமாக ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியைக் கணுவாக, அதாவது அசையாப் புள்ளியாக, கொண்ட மேற்சுரங்கள் பிறக்கக் கூடாது என்பது யங் என்ற இயற்பியலாளர் பெயரால் வழங்கும் விதி. தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை, இல்லாதிருக்க வேண்டிய மேற்சுரங்கள் அவற்றில் உரக்கவே கேட்கின்றன, இதற்குக் காரணம் குதிரையின் அமைப்பே என்று 1921-இல் வெளியான கட்டுரையில் ராமன் எடுத்துக்காட்டினார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். சாதாரண கிட்டாரில் ஏதேனும் ஒரு திறந்த தந்தியை மிகச் சரியாக 12-ஆம் மெட்டுக்கு மேலே, அதாவது தந்தியின் நடுவில், மீட்டுங்கள். 2, 4, 6 என்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் மிகவும் தாழ்ந்து இருப்பதைப் படம் காட்டும். எலெக்ட்ரிக் சிதாரிலோ தம்புராவிலோ அதே நடுப்புள்ளியில் மீட்டினால் அந்த இரட்டைப்படை மேற்சுரங்கள் நிமிர்ந்து நிற்கும். கிட்டாருக்கும் இந்தக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

கோரல் சிதாரின் குதிரை இந்த வளைவை ஏறக்குறையத் தட்டையான, சாய்க்கக்கூடிய ஒரு தகட்டின் மூலம் எட்டிப்பிடிக்கிறது. கைத்தேர்ந்த கலைஞர் நாட்கணக்கில் அரத்தால் தேய்த்து உருவாக்கும் வளைவுக்கு அது ஈடாகாது. ரீங்காரம் சற்றுக் கரடுமுரடாகவும் மூக்கொலி மிகுந்தும் இருக்கும், சீக்கிரம் அடங்கியும் விடும். தந்தி ஒவ்வொரு அதிர்விலும் தகட்டில் மோதி ஆற்றலை இழப்பதே அதற்குக் காரணம். ஆனால் சிதார் தயாரிப்பவரைத் தேடிப் போகாமல், திருகாணியைத் திருகியே ஓசையை மாற்றிக்கொள்ள முடிவது இதன் பெரும் வசதி.

தரப் தந்திகள்: வாக்குறுதியும் நடப்பும்

கச்சேரிச் சிதாரில் மெட்டுகளுக்கு அடியில், உள்ளீடற்ற தண்டியின் (கழுத்தின்) நெடுகிலும், 11 முதல் 13 தரப் தந்திகள் ஓடும். இவற்றை யாரும் இடைவிடாது மீட்டுவதில்லை. மேலே வாசிக்கும் சுரத்தோடு ஒத்த சுருதியில் இருக்கும் தரப், தானே அதிரத் தொடங்குகிறது. வாசிப்புத் தந்திகளின் குதிரையும் தரப்புகளுக்கான சிறு குதிரையும் ஒரே மெல்லிய பலகையின்மீது நிற்பதால், ஒன்றின் அதிர்வு பலகை வழியே மற்றொன்றைச் சென்றடைகிறது. ஒத்ததிர்வு என்பது இதுதான்.

கோரல் சிதாரிலும் 13 தரப் தந்திகள் உண்டு. ஆனால் அவை கழுத்துக்கு அடியில் இல்லை. உடலின் மேற்பகுதியில், வாசிப்பவரின் முகத்தை நோக்கிய பக்கத்தில், தனியாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கென்றே மூன்றாவதாக ஒரு பிக்கப்பும் இருக்கிறது. காகிதத்தில் இது மிகச் சிறந்த ஏற்பாடு. நடப்பில், அதிர்ந்து கொடுக்கும் மெல்லிய பலகைக்குப் பதிலாகக் கிட்டார் உடலே இருப்பதால் வாசிப்புத் தந்தியின் ஆற்றல் தரப்புகளைப் போய்ச் சேர்வது சொற்பம். அவை முணுமுணுக்கும், கச்சேரிச் சிதாரைப்போல் மண்டபத்தை நிறைக்காது. ஆகவே பெரும்பாலான கலைஞர்கள் தரப்புகளைக் கையாலேயே வருடி, ஒரு சொற்றொடரின் தொடக்கத்தையோ முடிவையோ அலங்கரிக்கிறார்கள். தரப் இல்லாமலேயே வரும் எலெக்ட்ரிக் சிதார் வகைகளும் உண்டு. விலை குறைவு, சுருதி சேர்க்கும் வேலையும் குறைவு. தரப் இல்லாததால் இழப்பது அதிகமில்லை என்பதே என் கருத்து.

மெட்டுகளும் சுரங்களும்

கிட்டாரின் மெட்டுகள் சம இடைவெளிச் சுரமுறைப்படி பதிக்கப்பட்டவை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயரும்படி செய்திருப்பார்கள். எந்தச் சுருதியிலிருந்தும் கார்டுகள் வாசிக்க இது வேண்டும். சிதாரிலோ மெட்டுகளை நூலால் தண்டியில் கட்டியிருப்பார்கள். வாசிக்கப்போகும் ராகத்துக்கேற்ப அவற்றைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு கிட்டாரில் பெரிதாக உறுத்துவதில்லை. எலெக்ட்ரிக் சிதாரில் உறுத்தும், ஏனென்றால் குதிரை மேற்சுரங்களைத் தூக்கிக் காட்டுகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கட்டை சுருதியில், ஷட்ஜம் 146.8 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இயல்பாக ஒன்றும் அந்தர காந்தாரம் 5/4 என்ற விகிதத்தில் 183.5 ஹெர்ட்ஸில் நிற்கும். கிட்டாரின் மெட்டு தரும் காந்தாரம் 185 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தனியாகக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் ஒலித்துக்கொண்டிருக்கும் ஷட்ஜத்தின் ஐந்தாம் சீரிசை, அதாவது ஐந்து மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரம், 734 ஹெர்ட்ஸிலும், மெட்டுக் காந்தாரத்தின் நான்காம் சீரிசை 740 ஹெர்ட்ஸிலும் விழுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை விம்மும். சாதாரண கிட்டாரில் அந்தச் சீரிசைகள் மெலிந்திருப்பதால் விம்மலும் மெலிந்திருக்கும். ஜவாரியில் அவை ஓங்கி நிற்பதால் விம்மலும் ஓங்குகிறது. கருவி சுருதி சேரவில்லையோ என்று திரும்பத் திரும்பப் பிரடையைத் திருகுகிறவர்கள் பலர் இந்த விம்மலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. எனவே காந்தாரத்தின் மெட்டிலேயே விரலை வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு மெட்டு கீழே, சாதாரண காந்தாரத்தில், விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து விம்மல் அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வீணை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. வீணையின் மெட்டுகளும் மெழுகில் பதித்த நிலையானவையே, ஸ்தாயிக்குப் பன்னிரண்டே. இழுப்பில்தான் ராகம் பிறக்கிறது. ஆனால் வீணை மெட்டும் சிதார் மெட்டும் உயரமானவை. அவற்றில் தந்தியை வெகுதூரம் இழுக்கலாம். தேர்ந்த சிதார் கலைஞர் ஒரே மெட்டில் நின்றபடி ஐந்து சுரங்கள்வரை மீண்டில் எட்டிவிடுவார். கிட்டார் மெட்டின் உயரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பக்கத்துத் தந்திகளும் நெருக்கமாக இருப்பதால் ஓரிரு சுரத்துக்குமேல் இழுப்பது கடினம்.

இவ்வளவு இருந்தும், நிலையான மெட்டுள்ள மின்கருவியில் கமகம் வராது என்று யாரேனும் சொன்னால் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸின் ஒலிப்பதிவுகளைக் காட்டலாம். இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில், ஜாருவையும் (விரலைத் தூக்காமல் வழுக்கிச் செல்வது) இழுப்பையும் கலந்து அவர் தோடி ராகத்தை வாசித்தார்.

குதிரையைச் சரிசெய்தல்

கருவியைக் கையில் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான். அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

புதிய தந்திகளைப் பூட்டி, முழுச் சுருதிக்கு ஏற்றி, அவை நீண்டு அடங்கும்வரை பொறுத்திருங்கள். இழுவிசை மாறினால் தந்தியின் கோணமும் மாறும், ஆகவே தளர்ந்த தந்தியில் செய்த சீரமைப்பு நிலைக்காது. முதல் தந்தி 0.010 அங்குலமாக இருக்கும் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் தொகுப்பு போதும்.

அடுத்து, வருவது குதிரையின் ரீங்காரமா, மெட்டின் உரசலா என்று பிரித்தறிய வேண்டும். மெட்டு உரசல் சில மெட்டுகளில் மட்டும் கடகடவென்று கேட்கும். குதிரை ரீங்காரம் திறந்த தந்தியிலும் எல்லா மெட்டுகளிலும் ஒரே குணத்தோடு கேட்கும். கழுத்து வளைந்திருந்தாலோ தந்திகள் மிகத் தாழ்ந்திருந்தாலோ அதை முதலில் சரிசெய்துவிட்டு, அதன்பின் குதிரையைத் தொடுங்கள்.

இப்போது தகட்டின் முன்விளிம்பை, அதாவது கழுத்தை நோக்கிய விளிம்பை, நன்றாகத் தாழ்த்துங்கள். ரீங்காரம் முற்றிலும் மறைந்து சாதாரண கிட்டாரின் ஓசை கேட்கும். தந்தி பின்பகுதியில் ஒரே புள்ளியில் முடிகிறது என்பதற்கு அது அடையாளம். அங்கிருந்து திருகாணிகளைக் கால் சுற்று மட்டும் ஏற்றி, ஒரே தந்தியை ஒரே வலுவில் மீட்டிக் கேளுங்கள். மீண்டும் கால் சுற்று, மீண்டும் மீட்டுதல். முதலில் ஓசையின் விளிம்பில் ஒரு மெல்லிய இழை சேரும். பிறகு அது விரிந்து, சுரம் அடங்கும்போது நிறம் இறங்கி வருவது கேட்கும். இன்னும் ஏற்றினால் ஓசை தொண்டை அடைத்ததுபோல் சுருங்கி, உடனே செத்துவிடும். விரிந்த ரீங்காரத்துக்கும் அடைப்புக்கும் நடுவிலுள்ள இடம் மிகக் குறுகியது. திருகாணியின் அசைவைக் கண்ணால் அளப்பதில் பயனில்லை. காதால்தான் நிறுத்த வேண்டும்.

திறந்த தந்தியில் மிகச் சிறந்த ஓசை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். விரலால் அழுத்தும்போது தந்தி மெட்டை நோக்கி இறங்குகிறது. மேல் மெட்டுகளுக்குப் போகப் போகக் குதிரையில் அதன் சரிவு கூடி, தகட்டின் முன்பகுதியோடு மேலும் நெருங்குகிறது. திறந்த தந்தியில் அருமையாக ஒலிக்கும் கோணம் 12-ஆம் மெட்டில் அடைத்துக்கொள்வது இதனால்தான். ஆகவே 5 முதல் 7-ஆம் மெட்டுவரையுள்ள பகுதியில் ஓசை நிறைவாக இருக்கும்படி வைத்து, திறந்த தந்தியில் சற்றுக் குறைவான ரீங்காரத்தை ஏற்றுக்கொள்வது நல்ல சமரசம்.

தடித்த தந்திகள் அகலமாக ஆடுவதால் அவற்றின் பக்கம் தகடு சற்று அதிகமாகச் சரிந்திருக்க வேண்டும். இடம், வலம் எனத் தனித்தனித் திருகாணிகள் இருக்கும் குதிரைகளில் இதைச் செய்ய முடியும்.

கடைசியாக நீளம். 12-ஆம் மெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும், அதே இடத்தில் தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் சீரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியை நீளமாக்க வேண்டும். கிட்டாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக இதைச் செய்வார்கள். இங்கே ஆறுக்கும் ஒரே தகடு என்பதால் ஆறும் சரியாக வருவது அரிது. நீங்கள் மெட்டுகளில் அதிகம் வாசிக்கும் தந்தி எதுவோ அதற்குச் சரிசெய்துகொண்டு, மற்றவற்றைத் திறந்த சுருதித் தந்திகளாகப் பயன்படுத்துங்கள்.

நாளடைவில் தந்திகள் தகட்டில் தடம் பதிக்கும். தடம் ஆழமானால் ரீங்காரம் மங்கும். சிதாரில் அந்நிலை வந்தால் ஜவாரியைத் தீட்டித் தருவதற்கென்றே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஓசை திறந்து விரிய வேண்டுமா, மூடி உருண்டிருக்க வேண்டுமா என்று கேட்டே அவர்கள் அரத்தை எடுப்பார்கள். சிதார் மேதை விலாயத் கான் வழியினர் மூடிய ஜவாரியை விரும்புவர்.

சுருதி சேர்த்தல்

வழக்கமான கிட்டார் சுருதியிலேயே வாசிக்கலாம். அந்தக் காலப் பாப் பாடல்களுக்கு அதுவே பொருத்தம். ராகம் வாசிக்க விரும்புவோர் திறந்த தந்திகள் ஷட்ஜ பஞ்சமங்களாக நிற்கும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். கிட்டார்காரர்கள் அறிந்த டி-ஏ-டி-ஜி-ஏ-டி சேர்க்கை நல்ல தொடக்கம். தடித்த தந்தியையும் மெல்லிய இரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் தளர்த்தினால் போதும். இரண்டு கட்டை சுருதியில் இது ஸ, ப, ஸ, ம, ப, ஸ என்று அமையும். மத்திமம் வேண்டாதபோது அந்தத் தந்தியைத் தொடாமல் விடலாம், அல்லது அதிலேயே ராகத்தை வாசிக்கலாம்.

13 தரப் தந்திகளை அரைச்சுரம் அரைச்சுரமாகச் சேர்த்தால் ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம்வரை மிகச் சரியாக ஒரு ஸ்தாயி நிறையும். சுருதியை அடிக்கடி மாற்றும் பாடல்களுக்கு அது உதவும். ஒரே ராகத்தில் நிற்பவர்கள் ராகத்தின் ஏழு சுரங்களையும் மேல் ஷட்ஜத்தையும் எட்டுத் தந்திகளில் வைத்து, மிஞ்சிய ஐந்தில் ஷட்ஜம், பஞ்சமம், ராகத்தின் ஜீவ சுரம் ஆகியவற்றை இரட்டிக்கலாம். தரப்பை வருடும்போது வேற்றுச்சுரம் எதுவும் குறுக்கிடாது என்பதால் இதையே நான் பரிந்துரைப்பேன். தந்திகளை மிக உயர்ந்த சுருதிக்கு ஏற்றிவிடாதீர்கள். ஒரே தடிமனும் ஒரே நீளமும் உள்ள தந்தியில் அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

கைகள் பழக வேண்டியவை

ஆறு தந்திகளையும் சேர்த்து அடிக்கும் கிட்டார் பழக்கம் இங்கே கைகொடுக்காது. ஒவ்வொரு தந்தியும் மேற்சுரங்களை வாரி இறைப்பதால் முழுக் கார்டு ஒன்று வெறும் இரைச்சலாகிவிடும். இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கலாம், பஞ்சமமானால் மூன்றும் தாங்கும். அதற்குமேல் வேண்டாம்.

ராகத்தை ஒரே தந்தியின் நெடுகிலும் மேலும் கீழும் சென்று வாசியுங்கள்; சிதாரிலும் அப்படித்தான் பெரும்பகுதி வாசிக்கப்படுகிறது. இழுக்க முடியாத தூரத்தை ஜாருவால் கடந்துவிடலாம். விரலைத் தூக்காமல் மெட்டுகளின்மீது வழுக்கிச் செல்லும்போது இடையிலுள்ள மெட்டுகளின் படிகள் கேட்கத்தான் செய்யும், ஆனால் ரீங்காரம் அவற்றைக் கணிசமாக மறைத்துக்கொடுக்கிறது. சொற்றொடர்களுக்கு இடையில் மெல்லிய ஷட்ஜத் தந்தியைத் தட்டிவிடுவது, சிதாரில் இடையிடையே தட்டப்படும் சிகாரி என்ற சுருதித் தந்திகள் செய்யும் வேலையைச் செய்யும்.

வலக்கையின் வலு மிகவும் முக்கியம். மெதுவாக மீட்டினால் தந்தி தகட்டைக் கொஞ்சமே தொடுகிறது, ஓசை கிட்டாரை ஒத்திருக்கும். வலுவாக மீட்டினால் ரீங்காரம் விரிகிறது. கிட்டாரில் வலு பெரும்பாலும் ஒலியளவைத்தான் மாற்றும். இங்கே அது ஓசையின் குணத்தையே மாற்றுகிறது. ஒரே சுரத்தை மிக மெதுவிலிருந்து மிக வலுவரை படிப்படியாக மீட்டிப் பழகுவதைத் தினசரிப் பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கியில்

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்குமேல் ஒலியை வேகமாக வெட்டிவிடும். ரீங்காரத்தின் ஒரு பகுதி அதற்கும் மேலே இருக்கிறது. எனவே அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயரிலோ, டிஐ பாக்ஸ் (கிட்டார் மின்குறிப்பை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியே நேராக மிக்சரிலோ இணைப்பது நல்லது. டிஸ்டார்ஷன் பெடல் தன் பங்குக்கு மேற்சுரங்களைச் சேர்த்து ஜவாரியை மூழ்கடித்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். சுரம் சீக்கிரம் அடங்கும் குறையை, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரெசர் ஓரளவு ஈடுசெய்யும். குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பில் ரீங்காரம் மிகும். கழுத்துக்கு அருகிலுள்ளதில் அடிச்சுரம் மிகும்.

வாங்குவதற்கு முன்

கிட்டார் இருக்கிறது, ஓரிரு பாடல்களுக்கு மட்டும் இந்த ஓசை வேண்டும் என்போர் ரீங்காரக் குதிரையைத் தனியாக வாங்கி ஒரு பழைய கிட்டாரில் பொருத்தலாம். சிதார் ஓசையைப் போலிசெய்யும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ‘ரவிஷ்’ போன்ற பெடல்களும் உண்டு. ஆனால் கையின் வலுவுக்குக் குதிரை பதில் சொல்வதுபோல் பெடல் சொல்வதில்லை.

ராக இசைதான் குறிக்கோள் என்றால் திசையையே மாற்றிக்கொள்வது நல்லது. கோரல், கிட்டாரிலிருந்து சிதாரை நோக்கி நடந்த கருவி. சிதார் கலைஞர் நிலாத்ரி குமார் உருவாக்கிய ‘ஜிதார்’ சிதாரிலிருந்து கிட்டாரை நோக்கி நடந்தது. தந்திகளைக் குறைத்து, பிக்கப் பொருத்தி, சிதாரின் மெட்டையும் மீண்டையும் அது தக்கவைத்துக்கொள்கிறது. மீண்ட் வேண்டுவோர் பிக்கப் பொருத்திய சிதாரையும், ரீங்காரம் மட்டும் வேண்டுவோர் கோரல் வகையையும் நாட வேண்டும். கடையில் கோரல் வகையைச் சோதிக்கும்போது ஒரே தந்தியை முதலில் திறந்தும், பிறகு 5, 12-ஆம் மெட்டுகளிலும் ஒரே வலுவில் மீட்டிக் கேளுங்கள். மூன்று இடங்களிலும் ரீங்காரம் உயிரோடு இருந்தால் அந்தக் குதிரை நன்றாக அமைந்திருக்கிறது. 12-இல் செத்துப்போனால், திருகாணியைத் திருகிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். திருகியும் மாறவில்லையென்றால் தகடு தேய்ந்திருக்கிறது, அதற்கான செலவைக் கழித்தே விலை பேச வேண்டும்.